"புதிய ஆய்வு ஒன்று வந்திருக்கிறதாம், மிஸ்": உணவும் ஆராய்ச்சியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் உணவு ஆலோசனை சொல்வது என் தொழில். படுவான்கரையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருபவர்களும், காத்தான்குடி, ஏறாவூர்க்காரர்களும், சில நாட்களில் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தவர்களும் ஒரே வாங்கில் காத்திருப்பார்கள். முன்பெல்லாம் கையில் கிளினிக் கொப்பி மட்டும் இருக்கும். இப்போது கைபேசியில் ஒரு காணொளியும் கூடவே வருகிறது. பாதிப் பேர் பேச்சைத் தொடங்குவதே மேலே தலைப்பில் உள்ள வாக்கியத்தோடுதான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். மாத்திரை, இன்சுலின் அளவுகளைத் தீர்மானிப்பது உங்கள் வைத்தியர். இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

எங்கள் அம்மம்மா எந்த ஆய்வையும் படிக்கவில்லை, நன்றாகத்தானே வாழ்ந்தார்? சாப்பாட்டுக்கு எதற்கு ஆராய்ச்சி?

உங்கள் அம்மம்மா புழுங்கலரிசிச் சோறு சாப்பிட்டிருப்பார். அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திர ஆலைகள் வந்து அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டத் தொடங்கியபின், ஆசியாவின் பல பகுதிகளில் பெரிபெரி என்ற நோய் கொத்துக்கொத்தாக ஆட்களைச் சாய்த்தது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் தளரும். 'முடியாது' என்ற பொருள் தரும் சிங்களச் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது என்று சொல்வார்கள். ஏதோ கிருமிதான் காரணம் என்று பலரும் தேடிக்கொண்டிருந்தபோது, ஜாவாவில் இருந்த டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன் தன் ஆய்வுக்கூடக் கோழிகள் அதே போல நோயுற்றுப் பிறகு தாமாகவே தேறியதைக் கவனித்தார். விசாரித்தால், இடையில் சில மாதங்கள் அவற்றுக்கு இராணுவ வைத்தியசாலைச் சமையலறையின் தீட்டிய அரிசிச் சோறு போயிருக்கிறது. புதிதாக வந்த சமையற்காரர், 'இராணுவச் சோறு கோழிக்கா?' என்று நிறுத்திவிட்டார். கோழிகள் பிழைத்தன. எய்க்மனுக்கு 1929 இல் நோபல் பரிசு கிடைத்தது. சமையற்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான பகுதி மலாயாவில் நடந்தது. ஒரே நாட்டில் உழைத்த சீனத் தொழிலாளர்களுக்குப் பெரிபெரி அடிக்கடி வர, தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது அரிதாக இருந்ததை பிராடன் என்ற மருத்துவர் கவனித்தார். தமிழர் தின்றது புழுங்கலரிசி. 1905 இல் வில்லியம் பிளெச்சர் என்பவர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இதைச் சோதித்தார். நோயாளர்களை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றை எண்காரர்கள் ஒரு பக்கம், இரட்டை எண்காரர்கள் மறுபக்கம். ஒரு பக்கத்துக்குத் தீட்டிய பச்சையரிசி, மறுபக்கத்துக்குப் புழுங்கலரிசி. நோயும் சாவும் பச்சையரிசிப் பக்கத்தில்தான் குவிந்தன. (இன்று ஒருவருடைய சம்மதம் கேட்காமல் இப்படிச் செய்ய எந்த நெறிமுறைக் குழுவும் விடாது. விடக்கூடாது.) நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் விற்றமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் ஓரளவு மிஞ்சுகிறது என்ற விளக்கம் பின்னால் வந்தது.

ஆக, அம்மம்மா சரி. ஆனால் அதே அம்மம்மாதான் பிள்ளை பெற்ற மகளுக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தார், கீரை ஆகாது என்றார், பல மீன்களைப் பத்தியம் என்று விலக்கினார். பாலூட்டும் தாய்க்கு இவையெல்லாம் வேண்டும். புழுங்கலரிசியையும் பத்தியத்தையும் அவர் ஒரே உறுதியோடுதான் சொல்லியிருப்பார். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பிரித்துக் காட்ட ஒரு வழி வேண்டும் அல்லவா? அதற்குத்தான் ஆராய்ச்சி.

சோற்றைத் தேங்காய் எண்ணெய் விட்டு அவித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கலோரி பாதியாகக் குறைகிறதாமே? இலங்கையில் கண்டுபிடித்தது என்றும் சொல்கிறார்கள்.

இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. பெருமைப்பட வேண்டிய செய்தியும் கூட, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2015 மார்ச்சில் கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரி மாணவர் ஒருவரும் அவருடைய பேராசிரியரும் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் மாநாட்டில் இதை முன்வைத்தார்கள். கொதிக்கும் நீரில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய், பிறகு அரைக் கோப்பை அரிசி, வெந்ததும் 12 மணி நேரம் குளிரில். சோற்றில் உள்ள மாப்பொருளின் ஒரு பகுதி, குடலில் இலகுவாகச் சமிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அதை எதிர்ப்பு மாப்பொருள் என்கிறோம். 38 வகை அரிசியைப் பார்த்தார்கள். மிகப் பொருத்தமான வகை கிடைத்தால் கலோரி 50 முதல் 60 சதவீதம் வரை குறையக்கூடும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு.

அந்தக் 'கூடும்' உலகம் சுற்றி வாட்ஸ்அப்பில் நம் ஊருக்குத் திரும்பி வந்தபோது 'குறைகிறது' ஆகிவிட்டது. மாநாட்டில் வைத்தது ஆய்வுகூட முடிவு. அந்தச் சோற்றை மனிதர்களுக்குக் கொடுத்து, எடை குறைந்ததா, சீனி குறைந்ததா என்று அதில் பார்க்கவில்லை. குற்றம் ஆய்வாளர்களிடம் இல்லை, செய்தியைச் சுருக்கியவர்களிடம் இருக்கிறது.

மனிதர்களிடம் செய்த ஒன்றைப் பார்ப்போம். அதே 2015 இல் வெளிவந்த இந்தோனேசிய ஆய்வு. புதிதாக வடித்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் எதிர்ப்பு மாப்பொருள் இருந்தது. 24 மணி நேரம் குளிரில் வைத்துச் சூடாக்கிய சோற்றில் 1.65 கிராம். சுகதேகிகள் 15 பேருக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்தபோது, ஆறவைத்த சோற்றுக்குப் பிறகு குருதியில் சீனி சற்றுக் குறைவாகவே ஏறியது. விளைவு உண்மையானது. எவ்வளவு பெரியது? கணக்குப் போடுங்கள். 300 கிராம் சோறு ஒரு நல்ல மதியச் சாப்பாடு. அதில் கூடிய எதிர்ப்பு மாப்பொருள் 3 கிராம். சாதாரண மாப்பொருள் கிராமுக்கு 4 கலோரி, எதிர்ப்பு மாப்பொருள் ஏறத்தாழ 2. மிச்சம் பிடித்தது 6 கலோரி. நீங்கள் ஊற்றிய ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரி.

ஒரு அகப்பை சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கீரை வறையை வைத்தால் இதைவிடப் பல மடங்கு கிடைக்கும். அதற்குக் குளிர்சாதனப் பெட்டியும் தேவையில்லை.

அப்படியென்றால் பழஞ்சோறு?

சுவைக்காகச் சாப்பிடுங்கள். இரவு முழுக்க அறை வெப்பத்தில் கிடக்கும் வெறும் சோற்றில், அவித்தாலும் சாகாத வித்துக்களிலிருந்து ஒரு வகை பக்டீரியா பெருகி வாந்தி, வயிற்றோட்டம் தரலாம். அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. நம் ஊர் வெக்கையில் மிஞ்சும் சோற்றை விரைவாக ஆறவைத்துக் குளிரில் வையுங்கள், அடுத்த நாளே முடித்துவிடுங்கள்.

ஓர் ஆய்வைக் கண்டதும் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

யாரிடம் செய்தார்கள் என்று. எலியா, சோதனைக் குழாயா, மனிதரா. மனிதர் என்றால் எத்தனை பேர், எவ்வளவு காலம். பிறகு, எதோடு ஒப்பிட்டார்கள். மரக்கறி நிறையச் சாப்பிடுபவர்களுக்கு ஒரு நோய் குறைவு என்று கண்டால், அது மரக்கறியாலா, அல்லது அப்படிச் சாப்பிடுபவர்கள் புகைக்காமல், நடந்து திரிந்து, வசதியோடு இருப்பதாலா? ஆட்களை வெறுமனே அவதானிக்கும் ஆய்வால் இந்த முடிச்சை முழுதாக அவிழ்க்க முடியாது. எழுமாற்றாக இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதிக்கும்போதுதான் அது அவிழ்கிறது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பீட்டா கரோட்டீன். கரட்டுக்கு நிறம் தரும் பொருள். அது குருதியில் அதிகமாக உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல அவதானிப்புகள் இருந்தன. சரி, மாத்திரையாகவே கொடுத்துவிடுவோம் என்று பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்துச் சோதித்தார்கள். 1994 இல் முடிவு வந்தது. மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கரட் சாப்பிடுவதில் பிழை இல்லை. கரட்டிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்து, போத்தலில் அடைத்து, "இயற்கையானது" என்று ஒட்டிக்கொண்டு வருபவரிடம்தான் எனக்குச் சந்தேகம்.

கடைசியாக, காசு யார் கொடுத்தது என்றும் பார்ப்பேன். 1967 இல் ஒரு புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில், இதய நோய்க்குக் கொழுப்பையே முன்னால் நிறுத்திச் சீனியைப் பின்னால் தள்ளிய ஒரு மீளாய்வு வந்தது. அதை எழுதிய ஹார்வர்ட் ஆய்வாளர்களுக்குச் சீனி உற்பத்தியாளர்களின் அமைப்பு 6,500 டொலர் கொடுத்திருந்தது 2016 இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. காசு வாங்கியவர் எழுதியதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. மீன்காரரிடம் "மீன் புதிதா?" என்று கேட்டாலும் செவுளை ஒருமுறை தூக்கிப் பார்ப்போம் அல்லவா?

நேற்று முட்டை கெட்டது என்றீர்கள், இன்று நல்லது என்கிறீர்கள். உங்களை எப்படி நம்புவது?

கோபம் நியாயமானது. 1968 இல் அமெரிக்க இதயச் சங்கம் வாரத்துக்கு மூன்று முட்டை மஞ்சளுக்கு மேல் வேண்டாம் என்றது. உணவில் உள்ள கொலஸ்ட்ரோல் நேராகக் குருதிக்குப் போகும் என்பது அன்றைய கணிப்பு. கல்லீரல் தானே கொலஸ்ட்ரோலைச் செய்கிறது, பெரும்பாலானோருக்கு உணவுக் கொலஸ்ட்ரோலைவிட நிரம்பிய கொழுப்புதான் கூடுதலாகப் பாதிக்கிறது என்று தெளிந்தபின், 2015 இல் அமெரிக்க உணவு வழிகாட்டி உணவுக் கொலஸ்ட்ரோலுக்கு இருந்த நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற எல்லையை எடுத்துவிட்டது. முட்டை போட்டுப் பொரித்த பராட்டாவும் கொத்தும் அப்போது விடுதலை பெறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இதைவிடப் பெரிய தலைகீழ் மாற்றம் கச்சானில், அதாவது நிலக்கடலையில், நடந்தது. ஒவ்வாமை வரும் என்று பயந்து, ஆபத்துள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கச்சானைக் காட்டாதீர்கள் என்று 2000 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொன்னார்கள். சொன்னது கவனமான நிபுணர்கள்தான், ஆனால் கையில் சோதனை இல்லை. பிறகு இங்கிலாந்தில் ஆபத்துக் கூடிய 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு முதல் வயதுக்குள்ளேயே கச்சானைப் பழக்கினார்கள். 2015 இல் வந்த முடிவின்படி, ஐந்து வயதில் தவிர்த்த பிள்ளைகளில் 17.2 சதவீதத்தினருக்கும், சாப்பிட்ட பிள்ளைகளில் 3.2 சதவீதத்தினருக்கும் ஒவ்வாமை இருந்தது. தவிர்க்கச் சொன்னதே தீங்காகியிருக்கலாம். (குழந்தைக்கு முழுக் கச்சான் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். அரைத்துக் கூழில் கலக்க வேண்டும். கடும் எக்சிமா உள்ள பிள்ளை என்றால் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.)

முப்பது வருடமாக ஒரே தாளைக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஆலோசகரிடம்தான் நான் என் பிள்ளையைக் கூட்டிப்போக மாட்டேன்.

தேங்காய் நல்லதா கெட்டதா? ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

ஒரே சொல்லில் முடியாது. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பு. 16 சோதனைகளைத் திரட்டி 2020 இல் வந்த மீளாய்வு, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது அது கெட்ட கொலஸ்ட்ரோலை டெசிலீட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் கூட்டுகிறது என்றது. நல்ல கொலஸ்ட்ரோலும் சிறிது கூடியது. ஆகவே "தேங்காய் எண்ணெய் மருந்து, காலையில் இரண்டு கரண்டி குடியுங்கள்" என்ற காணொளிகளை மூடிவிடுங்கள். அதே நேரம், அந்தச் சோதனைகள் எண்ணெயைப் பற்றியவை. நார்ச்சத்தோடு இருக்கும் தேங்காய்ப்பூச் சம்பலுக்கும், மீன் ஆணத்தில் விடும் பாலுக்கும் அந்த இலக்கங்களை அப்படியே ஒட்ட முடியாது. நான் சொல்வது: பிட்டுக்குத் தேங்காய்ப்பூ இருக்கட்டும், சொதிக்குப் பாலும் இருக்கட்டும். ஆனால் ஒரே வேளையில் பால்ச்சொதி, பால்க்கறி, பொரியல் மூன்றும் வேண்டாம்.

இந்த ஆய்வெல்லாம் வெள்ளைக்காரரிடம் செய்தது. நமக்கு எப்படிப் பொருந்தும்?

வாங்கில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டது இது, எனக்கு மிகப் பிடித்த கேள்வி. சிலது அப்படியே பொருந்தும், சிலது பொருந்தாது.

எடையை எடுத்துக்கொள்ளுங்கள். எடையை உயரத்தோடு சேர்த்துப் பார்க்கும் உடல் திணிவுச் சுட்டி (BMI) 25 ஐத் தாண்டினால் அதிக எடை என்பது உலகப் பொது அளவு. ஆசியர்களுக்கு அதற்கு முன்பே நீரிழிவு ஆபத்து ஏறுகிறது என்பதால் 23 இலிருந்தே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்னது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கும் நம் ஆண்களுக்கு இது நன்றாகவே பொருந்தும்.

நீரிழிவைத் தடுப்பதில் இன்னும் சுவாரசியம். நீரிழிவின் வாசலில் நின்ற 3,234 பேரிடம் அமெரிக்காவில் செய்த ஆய்வில், உணவும் நடையும் ஆபத்தை 58 சதவீதம் குறைத்தன. 2002 இல் வந்தது. அதே யோசனையைச் சென்னையில் 531 பேரிடம் பார்த்தபோது, 2006 இல் வந்த முடிவு 28.5 சதவீதம். பாதிதான். ஆனாலும் அதே ஆய்வில் சோதித்த மாத்திரைக்குக் கிட்டத்தட்ட சமமாக நின்றது. நம்மவருக்கு அமெரிக்க இலக்கத்தைச் சொல்லி ஆசை காட்டுவது நேர்மையாகாது, நான் சென்னை இலக்கத்தைத்தான் சொல்கிறேன்.

குரக்கன் என்றால் எவ்வளவும் சாப்பிடலாமா?

முடியாது. நார்ச்சத்தும் கல்சியமும் உள்ள நல்ல தானியம்தான். ஆனால் மெல்லிய மாவாக அரைத்து, அரைவாசி கோதுமை மா கலந்து ரொட்டி சுட்டால், சீனியை ஏற்றுவதில் அது வெள்ளைச் சோற்றுக்கு அதிக தூரத்தில் இருக்காது. தானியத்தின் பெயரைப் போலவே அரைத்த விதமும் அளவும் கணக்கில் வரும்.

கொவ்வை இலை சாப்பிட்டால் சீனி குறையும் என்று ஆய்வு இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் இலங்கையிலேயே செய்தது. 2011 இல் வெளியான அதில், 20 கிராம் கொவ்வை இலையைத் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள், நம் வீட்டுச் சம்பல் போலவே. சாப்பிட்டவர்களுக்குப் பிறகு சீனி குறைவாக ஏறியது. இதைப் படித்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஆனால் கலந்துகொண்ட 61 பேரும் சுகதேகிகள். பல வருட நீரிழிவோடு இரண்டு வகை மாத்திரை எடுக்கும் உங்களுக்கு அதே விளைவு என்று அதை வைத்து நான் சொல்ல முடியாது. வேலியில் படர்ந்திருந்தால் பறித்துச் சம்பல் போடுங்கள். சம்பல் போட்ட அன்றும் மாத்திரையைப் போடுங்கள்.

இலை, காய் என்பதால் எதுவும் செய்யாது என்றும் எண்ண வேண்டாம். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போல் தெரியும் காமரங்காயை வெறுவயிற்றில் சாறாக்கிக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒக்சலேற்று என்ற பொருள்தான் காரணம். அவை ஓரிரு நோயாளரைப் பற்றிய குறிப்புகள்தான், பெரிய சோதனை ஒன்றுமில்லை. தீங்கு என்று வரும்போது எனக்கு அதுவே போதும். நன்மை என்று சொல்பவர்தான் கூடுதல் சாட்சி கொண்டுவர வேண்டும்.

நீரிழிவு இருக்கிறது, நோன்பு பிடிக்கலாமா?

றமழானுக்கு ஒரு மாதம் முன்பே வந்து கேட்கும் ராத்தாமார் என் மனதுக்குப் பிடித்தவர்கள். நோன்பு தொடங்கி மூன்றாம் நாள் மயங்கி வருபவர்களைக் கண்டால் கவலையாக இருக்கும்.

13 நாடுகளில் நீரிழிவுள்ள முஸ்லிம்கள் 12,243 பேரிடம் செய்த ஒரு பெரிய ஆய்வு உண்டு. இரண்டாம் வகை நீரிழிவுள்ளவர்களில், கடுமையாகச் சீனி இறங்குவது றமழானில் ஏழரை மடங்கு கூடியது. ஏழரை மடங்கு என்று மட்டும் சொன்னால் நீங்கள் பயந்துவிடுவீர்கள், ஆகவே முழுக் கணக்கையும் சொல்கிறேன். சாதாரண மாதத்தில் 1,000 பேருக்கு 4 தடவை நடந்தது, றமழானில் 30 தடவை நடந்தது. பெரும்பாலோருக்கு நடக்கவில்லை. அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்பதைத்தான் முன்கூட்டியே பார்க்க வேண்டும்: இன்சுலின் எடுக்கிறீர்களா, சீனி இறங்கியது தெரியாமல் போகிறதா, சிறுநீரகம் எப்படி, கர்ப்பமா. வைத்தியர்களுக்கு இதற்கென்றே சர்வதேச வழிகாட்டி 2016 இல் வந்து, 2021 இல் புதுப்பிக்கப்பட்டது.

விரலில் குத்திச் சீனி பார்ப்பது நோன்பை முறிக்காது என்பது மார்க்க அறிஞர்களின் பரவலான கருத்து. சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளி மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சீனி டெசிலீட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நோன்பைத் திறந்துவிட வேண்டும், மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம்தான் என்று பார்க்கக்கூடாது. விடியுமுன் சாப்பிடும் ஸஹரை விடாதீர்கள்.

கருவாடு புற்றுநோய் தரும் என்று பட்டியலில் போட்டிருக்கிறார்களாமே?

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பட்டியலில் இருப்பது 'சீன முறை உப்பு மீன்'. தென் சீனாவில் மீனைச் சற்று மென்மையாகவிட்டு உப்பிட்டுக் காயவைப்பார்கள், பால் மறக்கும் குழந்தைக்கே ஊட்டத் தொடங்கிவிடுவார்கள். அதற்கும் மூக்குத் தொண்டைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்பட்டது. அதே நிறுவனம் மற்ற உப்பு மீன்களை 'வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை' என்ற தனிப் பெட்டியில் வைத்தது. காணொளிக்காரர் அந்த இரண்டாம் வரியைப் படிக்கவில்லை.

கல்முனைச் சந்தைக் கருவாட்டில் எனக்கு இருக்கும் கவலை உப்பு. பிரஷர் உள்ளவர்கள் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டி, பிறகு உப்பே போடாமல் சமையுங்கள். தினமும் வேண்டாம்.

நீங்கள் ஆய்வுகளைப் படிப்பது சரி. நீங்களே ஏதாவது ஆராய்ச்சி செய்கிறீர்களா?

பெரிய பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு இல்லை. ஆனால் அளக்காமல் விடுவதில்லை.

இந்தப் பழக்கம் ஒரு தவறிலிருந்து வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கிருந்தோ எடுத்த ஒரு பட்டியலை மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் 'ஒரு கோப்பை சோறு' என்று இருந்தது. நம் பக்கத்தில் பலருக்குக் கோப்பை என்றால் சோறு போட்டுச் சாப்பிடும் தட்டு. ஒரு ஐயா மூன்று மாதம் கழித்து வந்து, "நீங்கள் சொன்னபடி ஒரு கோப்பைதான் மகள்" என்று கைகளை அகல விரித்துக் காட்டினார். அவர் சொன்னதில் பொய்யே இல்லை. அன்றிலிருந்து வீட்டு அகப்பையையும் தட்டையும் கொண்டுவரச் சொல்கிறேன். தராசில் வைத்து எத்தனை அகப்பை என்று அவர்களுக்கே எழுதிக் கொடுக்கிறேன்.

கேள்விகளையும் மாற்றினேன். "தேநீருக்குச் சீனி போடுவீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். "தேநீரோடு எதைக் கடிப்பீர்கள்?" என்று கேட்டால்தான் சர்க்கரைத் துண்டும் தொதலும் வெளியே வரும். மனிதர்கள் தாம் சாப்பிட்டதைக் குறைத்தே சொல்வார்கள் என்பது, உடல் செலவழிக்கும் சக்தியை நேரடியாக அளந்த ஆய்வுகளில் பல நாடுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். நம் ஊருக்கு மட்டும் உரிய குணம் அல்ல.

வீட்டில் நீங்களே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. உப்புப் பக்கற் பிரித்த திகதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நான்கு பேருக்கு 20 கிராம், அதாவது 400 கிராம் பக்கற் 20 நாளாவது வர வேண்டும். மீன் கழுவவும் ஊறுகாய்க்கும் எடுத்ததைக் கழித்துப் பாருங்கள். சீனிக்கும் இதேதான். ஒருவருக்கு 25 கிராம் என்றால் நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ 10 நாள் நிற்க வேண்டும். ஐந்து நாளில் முடிந்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம், அது மேல் எல்லை. கடையில் வாங்கிய பிஸ்கற்றும் சோடாவும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

குளுக்கோமீட்டர் வைத்திருக்கிறேன். எனக்கு எது ஒத்துவரும் என்று நானே சோதிக்கலாமா?

தாராளமாக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காலையில் வழக்கமான பிட்டு, வழக்கமான அளவு: சாப்பிட முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை பாருங்கள். இன்னொரு நாள் அதே பிட்டில் பாதி, மீதிக்குக் கடலை அல்லது மீன், கீரை. அதே நேரம், அதே மாத்திரை, அதே அளவு நடை. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று நாள் திருப்பிச் செய்யுங்கள், ஒரு நாள் இலக்கத்தை நம்ப வேண்டாம். கருவி தானே சிறிது முன்பின் காட்டும், காய்ச்சலும் தூக்கமின்மையும் சேர்த்துக் குழப்பும். கொப்பியில் எழுதிக் கொண்டுவந்தால் உங்கள் மாத்திரையைத் தீர்மானிக்கும் வைத்தியருக்கும் அது உதவும். இன்சுலின் எடுப்பவர்கள் வைத்தியரிடம் சொல்லாமல் சோற்றைப் பாதியாக்கிப் பார்க்கக்கூடாது.

சோடாப் போத்தலில் இருக்கும் நிறப் பொட்டு என்ன?

சீனி எவ்வளவு என்ற அடையாளம். 2016 இல் நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது, 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு, 2 க்குக் கீழ் இருந்தால் பச்சை, இடையில் மஞ்சள். ஒரு கிராம் குறைத்துச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்துவிடலாம் என்பதையும் மறக்காதீர்கள். அந்த அளவுப்படி, 100 மில்லிலீட்டரில் 10 கிராம் சீனியுள்ள 400 மில்லிலீட்டர் போத்தல் மஞ்சள்தான். உள்ளே 40 கிராம், எட்டுத் தேக்கரண்டி.

பல்கலைக்கழகப் பிள்ளைகள் படிவத்தோடு வீட்டுக்கு வந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் இல்லை. வந்தாறுமூலையிலிருந்தோ ஒலுவிலிலிருந்தோ வரும் பிள்ளைகள் முதலில் எதற்காகக் கேட்கிறோம் என்று விளக்கி, சம்மதத் தாளைத் தமிழில் தர வேண்டும். உங்கள் பெயர் வெளியே வராது என்று சொல்ல வேண்டும். இடையில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது எதுவும் குறையாது. குருதி எடுப்பதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

சம்மதித்தால், வந்த பிள்ளை முகம் சுளிக்குமே என்று நல்ல பதிலாகப் பார்த்துச் சொல்லாதீர்கள். தேநீருக்கு மூன்று கரண்டி சீனி என்றால் மூன்று என்றே சொல்லுங்கள். இரவு பத்து மணிக்குத் தயிர்ச் சட்டியைச் சுரண்டியதையும் சொல்லுங்கள். கோப்பை என்று அவர்கள் கேட்டால், எந்தக் கோப்பை என்று திருப்பிக் கேளுங்கள்.